மருத்துவ ஆலோசனைக்கு எதிராக

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறவள் நான். எங்கள் பிள்ளைகள் மதிப்பெண் வாங்குவதில் சூரர்கள். ஒரு பக்கக் கட்டுரையை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஆங்கிலத்தில் பேர் கேட்டால் மட்டும் பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்ப்பார்கள். அவர்களைத் திட்டவும் எனக்கு வாய் வருவதில்லை, ஏனென்றால் அந்தப் பாஷையே ஒரு நிலையில் நிற்காது. ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயத்துக்கு 'ஓப்பன் சீக்ரெட்' என்று பெயர். வேறு வழியே இல்லாதபோது அதற்கு 'ஒன்லி சாய்ஸ்' என்று பெயர். அலாரம் கத்த ஆரம்பித்தால் அது 'ஆஃப்' போய்விட்டது என்பார்கள். ஒருமுறை முன்பெஞ்சுப் பெண் எழுந்து, "ஆஃப் ஆயிருச்சுன்னா அப்பறம் எப்படிங் மிஸ் சத்தம் வரும்?" என்று கேட்டாள். "வெள்ளைக்காரனைப் பாத்தா கேளு, இப்ப உக்காரு" என்றேன்.

அப்போதெல்லாம் இந்தப் பேச்சுகளைச் சொல்லிச் சிரிப்பேன். ஆசிரியர் அறையில் அதற்கென்று எனக்கு ஒரு பெயரே இருந்தது. அப்பா சேலத்து ஆஸ்பத்திரியில் ஐசியூவில் கிடந்த பிறகு சிரிப்பு போய்விட்டது. எரிச்சல் மட்டும் தங்கியிருக்கிறது.

அப்பா கோழிப்பண்ணை வைத்திருந்தவர். முட்டைக் கோழி. அவரை நல்லவர் என்று சொன்னால் எங்கள் ஊரிலேயே சிரிப்பார்கள். முட்டை நின்றுபோன கோழியைக் கழிவுக் கோழி என்பார்கள். அதை ஒரு வேளை கூடுதலாக வைத்துத் தீனி போட்டவர் அல்ல. லாரிக்காரர் வந்து காலைப் பிடித்துத் தூக்கும்போது பக்கத்திலேயே நின்று வெற்றிலை மடிப்பார். என்னைப் படிக்கவைத்தார், அதுவும் பக்கத்துத் தோட்டத்துப் பெண் படித்துவிட்டாள் என்ற ரோஷத்தில். என் தலையை ஒருமுறைகூடத் தடவிக் கொடுத்ததில்லை. இருந்தாலும் அவர் என் அப்பா. அவர் உயிரோடு இருக்கவேண்டும் என்று எனக்கு இருந்தது. அதற்கு மேல் காரணம் சொல்லத் தெரியவில்லை.

தீனிக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மூளையில் அடைப்பு. வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது. எல்லாவற்றையும்விட மோசம், தொண்டைக்கு விழுங்குகிற வேலை மறந்துபோயிருந்தது. வாயில் ஒரு மிடறு தண்ணீர் விட்டாலும் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்றார்கள். மூக்கு வழியாகக் குழாய் போட்டு அதில்தான் கஞ்சி ஊற்றினார்கள்.

தினமும் காலையில் டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவார். வராந்தாவில் எங்கள் ஒறம்பரை, சொந்தபந்தம் மொத்தமும் எழுந்து நிற்கும். "கிரிட்டிகல் பட் ஸ்டேபிள்" என்பார். மோசம்தான், ஆனால் நன்றாக இருக்கிறார். பாதிப்பேருக்கு முதல் வார்த்தை கேட்டது, மீதிப்பேருக்குக் கடைசி வார்த்தை கேட்டது. என் தம்பி முதல் வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். நான் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருமே டாக்டர் சொன்னதைத்தான் சொன்னோம், அதனால் இரண்டு பேராலும் சண்டையில் ஜெயிக்க முடியவில்லை.

தம்பிக்கு அந்த முதல் வார்த்தை ஏன் வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தது. திருச்செங்கோட்டில் போர் போடுகிற ரிக் வண்டி ஓட்டுகிற குடும்பத்தில் மாப்பிள்ளை. மண்டபம் பேசி, பத்திரிகை அடித்து, பாதி ஊருக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. வராந்தாவில் உட்கார்ந்து பெரியவர்கள் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார்கள். இப்போது காரியம் ஆனால் கருமாதி முடித்து, தீட்டுக் கழித்து, சாவகாசமாக முகூர்த்தக்கால் நடலாம். இழுத்துக்கொண்டே கிடந்து கல்யாண வாரத்தில் போனாரென்றால் எல்லாம் நின்றுபோகும், மாப்பிள்ளை வீட்டார் சகுனம் பார்த்துக் கையை உதறிவிடுவார்கள். அப்பா சாகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அதை நான் பொய் சொல்லமாட்டேன். சாவதாக இருந்தால் காலா காலத்தில் சாகட்டும் என்றுதான் நினைத்தார்கள்.

ஒரு நாள் தம்பி டாக்டரைத் தனியாகப் பிடித்தான். நானும் கூடவே போனேன்.

"எப்பங்க டாக்டர் ஆகும்?" என்றான்.

"என்ன ஆகும்?"

"அதுதானுங்க." தம்பி தலையைச் சொறிந்தான். "நாளு கீளு ஏதாச்சும் சொன்னீங்கன்னா பரவால்லீங். ஊட்டுல விசேசம் வெச்சிருக்கறமுங்க."

டாக்டர் ஆத்தூர்ப் பக்கத்துப் பையன், சின்ன வயது. எங்கள் பேச்சு அவருக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. "எப்ப வேணும்னாலும் ஆகலாம் சார். தேறியும் வரலாம். ரெண்டுக்கும் சான்ஸ் இருக்கு" என்றார். தம்பி முகம் வாடிப்போனது.

அன்று மாலைக்குள் முடிவாகிவிட்டது. உயிர் வீட்டில்தான் போகவேண்டும். வெளியில் போன உயிருக்கு எங்கள் பக்கம் வீட்டுக்குள் இடம் கிடையாது, வாசலோடு வைத்து எடுத்துவிடுவார்கள். இத்தனை பெரிய வீட்டைக் கட்டியவரை வாசலில் போட்டுவிட்டார்கள் என்று ஊர் பேசும். அப்பாவுக்கு இளையவள், என் அத்தை, அதைச் சொல்லிச் சொல்லியே அழுதாள். அவள் அழுகையில் கள்ளம் இல்லை. அண்ணன் மேல் உயிரை வைத்திருந்தவள் அவள்.

நான் கத்திப் பார்த்தேன். "தேறுவாருன்னு டாக்டரே சொல்றாரு, இப்ப எதுக்கு எடுத்துட்டுப் போகோணும்?"

"அக்கா, நீ கட்டிக்குடுத்த புள்ள. உனக்கு உங்க ஊட்டோட போச்சு. நாளைக்கு ஊர்ல நாந்தான் நிக்கோணும்" என்றான் தம்பி. அவனைவிட நான் மூத்தவள். மூத்தவளாக இருந்து என்ன, பெண்ணாகப் பிறந்தவளுக்கு ஆஸ்பத்திரியிலும் பந்தி கடைசிதான்.

மறுநாள் காலையில் கையெழுத்துப் போடத் தம்பியைக் கூப்பிட்டார்கள். அவனுக்கு இங்கிலீஷ் வராது, படித்துச் சொல்ல நான் வேண்டும், அதற்கு மட்டும் நான் பிறந்த வீட்டுக்காரி. காகிதத்தின் தலைப்பில் 'டிஸ்சார்ஜ் அகெய்ன்ஸ்ட் மெடிக்கல் அட்வைஸ்' என்று இருந்தது. மருத்துவர் சொன்னதை மீறி நாங்களாகவே நோயாளியைக் கூட்டிப்போகிறோம் என்று எழுதியிருந்தது.

"உங்க அட்வைஸ் என்ன டாக்டர்?" என்று கேட்டேன்.

"கூட்டிட்டுப் போறதுன்னா இன்னைக்கே போயிடுங்க மேடம். இதுக்கு மேல வெச்சா வழியில தாங்குவாரான்னு சொல்ல முடியாது. அதுதான் என் அட்வைஸ்."

"அப்ப நாங்க உங்க அட்வைஸ்படிதான போறோம். எதிரான்னு எதுக்குப் போட்டிருக்கு?"

"அது ஃபார்மாலிட்டி மேடம்" என்றார். அவர் சொன்னதைக் கேட்பதற்காக, அவர் சொன்னதைக் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். நான் தமிழில் சொல்ல, தம்பி ஒவ்வொரு வரிக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

லிஃப்ட்டுக்கு முன்னால் அந்த டாக்டர் என்னிடம் மட்டும் நின்று ஒன்று சொன்னார். "வாய் வழியா ஒண்ணும் குடுக்காதீங்க மேடம். தண்ணிகூட வேணாம். எல்லாம் ட்யூப்லதான்." அத்தனை நாளில் அந்த ஆஸ்பத்திரியில் நான் கேட்ட, முன்னுக்குப் பின் முரணில்லாத ஒரே பேச்சு அதுதான்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வண்டியில் ஏறுவதற்கு முன்னால் தம்பியைக் கேட்டார். "உசுரோட ஊடு சேரோணுமுங்களா, இல்ல மெதுவாப் போலாமுங்களா?" தினப்படி கேட்கிற கேள்வி போல. உயிரோடு சேரவேண்டும் என்றோம். சைரனைப் போட்டு விரட்டினார். மல்லூர் தாண்டுகிறவரை அத்தை அப்பாவின் இடக்கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சந்தாண்ணா, கெட்டியாப் புடிச்சுக்கோ, ஊடு வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வேறு யாராவது கேட்டிருந்தால் பிழைக்கச் சொல்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவள் சொன்னது, வீட்டுக்குப் போகிறவரை சாகாதே என்று.

தோட்டத்து வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. பறை அடிக்கிறவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஃப்ரீசர் பெட்டி மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய் மூடி நின்றது. யாரோ பங்காளி ஆர்வக்கோளாறில் பஸ் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ்கூட வைத்துவிட்டான். அப்பா அதில் சிரிக்கிறார், கீழே 'கண்ணீர் அஞ்சலி', அதற்குக் கீழே மறைவு என்று போட்டு அன்றைய தேதி. ராசிபுரத்து ஸ்டுடியோக்காரர் காமிராவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்கள் பார்க்க எழவை நேரடியாகக் காட்டுவார்களாம். செத்தவரைக் காட்டுவதற்கு 'லைவ்' என்று பெயர்.

ஸ்ட்ரெச்சரில் இருந்து இறக்கும்போது அப்பா கண்ணைத் திறந்தார். மேலே துணிப் பந்தலைப் பார்த்தார்.

"எதுக்குப் பந்தல்?" என்று குழறினார்.

எல்லாரும் தம்பியைப் பார்த்தார்கள். அவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "புள்ள கல்யாணத்துக்குங்கப்பா" என்றான்.

அப்பாவின் வாய் ஒரு பக்கமாக இழுத்துச் சிரித்தது. "இப்பவே எதுக்குடா? மழை வந்தா நனைஞ்சு போயிருமல்ல" என்றார். நான் கொல்லைப்பக்கம் போய் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

உள்ளறையில் கட்டில் போட்டுப் படுக்கவைத்தோம். ஆக்சிஜன் உருளை பக்கத்தில் நின்றது. அப்பா சாகவில்லை. சாயங்காலமும் சாகவில்லை. மறுநாள் விடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "கோழிக்குத் தீனி போட்டாச்சா?" என்று கேட்டார். நான் சந்தோஷத்தில் ஓடிவந்து வெளியே சொன்னேன். பெண்கள் ஓவென்று அழுதார்கள், கடைசியாகக் கோழியைத்தான் கேட்டிருக்கிறார் என்று. அப்புறம் அவர் ஃபேனைக் குறைக்கச் சொன்னார், அதற்கும் அழுதார்கள். மனிதன் எதைச் சொன்னாலும் அது கடைசிப் பேச்சாகிவிட்டது. அதற்கடுத்து அவர் இன்னொன்று பேசும்போது அவர்கள் முகத்தில் ஒரு சலிப்பு தெரிந்தது, அதை நான் பார்த்தேன்.

குழாயில் கஞ்சி ஊற்றுவது என் வேலை. வடிகட்டி, ஆறவைத்து, தலையணையை உயர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக. என் விரலைப் பிடித்து அழுத்தச் சொன்னேன். முந்தின நாளைவிட இறுக்கமாக அழுத்தினார். வலக்காலின் பெருவிரல்கூட லேசாக அசைந்தது. தேறிக்கொண்டிருந்தார். எனக்கு நன்றாகத் தெரிந்தது. தேறுகிறவரைச் சுற்றி, எழவுக்கென்று வாங்கிவந்த மாலைகள் வாடிக்கொண்டிருந்தன. லீவு போட்டுவிட்டு வந்தவர்கள் தாழ்வாரத்தில் நின்று மெல்ல முணுமுணுத்தார்கள். கோயமுத்தூரிலிருந்து வந்த ஒருவர் என்னிடமே, "ஏனுங்க, ஒரு எட்டுப் போயிட்டு மறுக்கா வரலாமுங்களா, இல்ல இன்னைக்கே ஆயிருமுங்களா?" என்று கேட்டார். ஃப்ளெக்ஸில் தேதிக்கு மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டிவிட்டார்கள்.

நான் தம்பியைக் கூப்பிட்டேன். "சேலத்துக்கே மறுபடி கூட்டிட்டுப் போயிரலாம்டா. காலு அசையுது."

"பேசாம இரு அக்கா. கேக்கமாட்டம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டு, மறுக்கா போய் நின்னா சிரிக்க மாட்டாங்களா?" என்றான். ஆஸ்பத்திரிக்காரர்கள் சிரிப்பார்களே என்று அப்பனைச் சாகவிட ஒருத்தன் தயாராக இருந்தான். அவன் என் கூடப் பிறந்தவன்.

மத்தியானம் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். உயிர் ஏன் போகாமல் நிற்கிறது? ஏதோ ஆசை நிற்கிறது. மண்ணாசையாகத்தான் இருக்கும் என்றார் ஒருவர். அப்பா பாடுபட்டு வாங்கின மேட்டுக்காட்டிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்தார்கள். அதில் ஒரு சிட்டிகை கரைத்து, பாலோடு சேர்த்து, பிள்ளைகள் உற்றவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு கரண்டி வாயில் விட்டால் நிம்மதியாகக் கண் மூடுவாராம். அத்தை அடுப்படியில் பால் காய்ச்சினாள். நாட்டுச் சர்க்கரை போட்டுக் கலக்கினாள். "மூக்குல ஊத்தறது ஒரு சோறா? ருசி தெரியாமக் கெடக்கறான் எங்கண்ணன்" என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள்.

நான் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றேன். "அத்தை, வாயில ஒண்ணும் குடுக்கக் கூடாதுங்க. டாக்டரு தண்ணிகூட வேண்டாம்னு சொல்லியிருக்காருங்க. நேரா நுரையீரலுக்குப் போயிரும்."

அத்தை செம்போடு தயங்கினாள். தம்பிதான் பதில் சொன்னான்.

"எந்த டாக்டரு? அவரு பேச்சக் கேக்கமாட்டமுன்னு கையெழுத்துப் போட்டுத்தான கூட்டியாந்திருக்குது. நீதான அதப் படிச்சுச் சொன்ன?"

எல்லாரும் தலையாட்டினார்கள். அவர்களுக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. டாக்டர் சொன்னதைச் செய்யமாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது அவர் சொன்னபடி செய்தால் கையெழுத்துக்கு என்ன மரியாதை? வாழ்நாள் முழுக்க ஆங்கிலம் படித்த நான் வெறும் கையால் செம்பைத் தட்டிவிடப் பார்த்தேன். நாலைந்து பெண்கள் என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். "அழுது தீத்துரு சாமி, மனசுல வெச்சுக்காத" என்று முதுகைத் தடவினார்கள். நான் துக்கத்தில் பிதற்றுகிறேனாம்.

அத்தை கரண்டியைக் கொண்டுபோனாள். அப்பா தலையைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் திருப்பவில்லை. வாயைத் திறந்தார். வாய்க்கு ருசியென்று ஒன்றைப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது அந்த மனிதருக்கு. நாக்கில் பட்டதும் அவர் கண்ணெல்லாம் சுருங்கிச் சிரித்தது.

"தித்திக்குது" என்றார்.

"குடிண்ணா, குடி" என்றாள் அத்தை.

"இன்னொரு வாய்."

அடுத்து தம்பி ஊற்றினான். அடுத்து அவன் மனைவி. கல்யாணப் பெண் ஊற்றும்போது கரண்டி சரிந்து மோவாயில் வழிந்தது, அத்தை விரலால் வழித்து வாய்க்குள் விட்டாள். அப்பா இருமினார். இருமும்போதெல்லாம், "வாங்கிக்கிட்டாரு, உள்ள போயிருச்சு" என்றார்கள். முகம் கறுத்துத் திணறியபோது, "ஆசையெல்லாம் எறங்குது பாரு" என்றார்கள். இருமல் அடங்கியதும் அவர் மறுபடியும் வாயைத் திறந்தார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. வாசல்வரை வரிசை நின்றது. பங்காளிகள், மாமன் மச்சான்கள், தீனி லாரிக்காரர்கூட. மாலை வாடிப்போன கோபம் ஒருவர் முகத்திலும் இல்லை. எல்லார் கண்ணிலும் தண்ணீர். ஆங்கிலத்தில் அன்பாலேயே கொல்வது என்று ஒரு பேச்சு உண்டு, பாடத்தில் வந்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று வேகமாகத் தாண்டிவிடுவேன். ஒரு வெள்ளைக்காரனும் எங்கள் வீட்டு வரிசையைப் பார்த்திருக்கமாட்டான்.

"பெத்த புள்ள நீ ஊத்தோணும், வா சாமி" என்று அத்தை கரண்டியை என்னிடம் நீட்டினாள். பிடித்திருந்தவர்கள் விட்டுவிட்டார்கள்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "மாட்டனுங்க" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது, ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே ஏதோ கொப்பளித்தது. ஆனால் கண் தெளிவாக இருந்தது. என்னை யாரென்று நன்றாகத் தெரிந்துதான் பார்த்தார்.

"நீ ஊத்து" என்றார்.

"வேண்டாம்பா. சேலத்துக்குப் போலாம். தொண்டை சரியானதும் நானே செம்பு நெறயக் காச்சித் தாரேன்."

"ஊத்து புள்ள."

நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். அவர் கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடியே வைத்திருந்தார். பிறகு மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கையால் கஞ்சி வடிகட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவளை அதற்குப் பிறகு அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. பால் ஊற்றியவர்கள் கையை எல்லாம் பிடித்துக்கொண்டார், தம்பி கையை ரொம்ப நேரம் விடவில்லை.

பொழுது சாயும்போது காய்ச்சல் வந்தது. மூச்சு கரகரத்தது. உருளையைத் திருகி ஆக்சிஜனைக் கூட்டினேன், கூடவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னேன். யாரும் எழுந்திருக்கவில்லை, ஸ்டுடியோக்காரர் மட்டும் எழுந்து காமிராவுக்குப் பேட்டரி மாற்றினார். விடிந்து கோழிகள் தீனிக்குக் கத்துகிற நேரத்தில் அப்பா போய்விட்டார்.

அப்புறம் எல்லாம் குறையில்லாமல் நடந்தது. பறை அடித்தார்கள். பெட்டியைத் தார்ப்பாய் எடுத்துத் துடைத்து உள்ளே கொண்டுவந்தார்கள். பஸ் நிறுத்தத்து ஃப்ளெக்ஸில் வெள்ளைக் காகிதத்தின் மேல் புதுத் தேதி எழுதினார்கள். தம்பி தரையில் விழுந்து புரண்டு அழுதான். அது நடிப்பென்று நான் சொல்லமாட்டேன், நடிப்பாக இருந்திருந்தால் எனக்கு அவனை வெறுக்க வசதியாக இருந்திருக்கும். "புண்ணியவானுங்க, பேத்தி கல்யாணத்துக்கு ஒரு எடஞ்சலும் பண்ணாம ஒதுங்கிக்கிட்டாரு" என்று பெரியவர்கள் மெச்சினார்கள். அப்பாவை ஊர் புண்ணியவான் என்று சொன்னது அன்றுதான் முதல் தடவை.

என்னைப் பற்றியும் பேசினார்கள். கேட்கவேண்டும் என்றுதான் பேசினார்கள். பெற்ற அப்பன் வாயைத் திறந்து கேட்டும் ஒரு சொட்டுப் பால் விடாத கல்நெஞ்சுக்காரி. படிச்ச திமிர். என் தம்பி மகள், எத்தனை வருஷம் நான் தூக்கி வளர்த்தவள், அவள்கூட என் பக்கத்தில் உட்காரவில்லை. நுரையீரல், குழாய், விழுங்குகிற தசை என்றெல்லாம் எடுத்துச் சொல்லலாம். கேட்பவர்களுக்கு அது என்னவென்று புரியும்? அவர்கள் கொன்றுவிட்டார்கள் என்று புரியும். அப்படிப் புரிந்துவிட்டால் அத்தை அந்த வாரமே தூக்கில் தொங்கிவிடுவாள். அதற்காக வாயை மூடிக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் எனக்குக் கோபத்தில் நாக்கு எழவில்லை.

அப்பாவைச் சொந்தக் காட்டிலேயே, அந்த மேட்டுக்காட்டு வரப்போரம் புதைத்தோம். மறுநாள் காலை பால் தெளிக்க எல்லாரும் போனோம். மண்மேடு இன்னும் ஈரமாக இருந்தது. தம்பி ஊற்றினான், பங்காளிகள் ஊற்றினார்கள். நான் தள்ளி ஆமணக்குச் செடியோரம் நின்றிருந்தேன். அத்தை செம்போடு என்னிடம் வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"உசுரோட இருக்கறப்பதான் ஊத்தமாட்டீன்னுட்ட. இப்பவாச்சும் ஊத்து சாமி. அவன் கேட்டான் பாரு, அந்தக் குறை இருக்கக் கூடாது" என்றாள்.

செம்பை வாங்கிக்கொண்டேன். பால் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது, அவள் அதிலும் சர்க்கரை போட்டிருந்தாள். தலைமாட்டில் போய் நின்று, சொட்டுக்கூட மிச்சம் வைக்காமல் முழுச் செம்பையும் கவிழ்த்தேன். வேண்டிய மட்டும் ஊற்றலாம், இனிமேல் அவருக்கு இருமல் வராது.